எல்லோரும் முதலாளியாக இருந்த கணினி

என் தங்கை இமெல்டா போராடி வென்றவை இவை: இரண்டாம் தடவை எழுதிச் சித்தியடைந்த உயர்தரப் பரீட்சை, சந்தைச் சிங்களத்தை மட்டும் வைத்துக்கொண்டு மருதானையில் சிங்கள மொழியில் படித்து முடித்த கணினிப் பாடநெறி, கொட்டாஞ்சேனையில் ஒரு சுங்கத் தரகர் அலுவலகத்தில் வேலை. இந்த வேலையை மட்டும் அவள் இரண்டு தடவை வெல்ல வேண்டியிருந்தது.

துறைமுகத்துக்கு வரும் சரக்குகளை விடுவித்துக் கொடுப்பது அந்த அலுவலகத்தின் தொழில். முதலாளி தில்லைநாதன் வெள்ளவத்தையில் குடியிருப்பவர். ஆவணங்கள் எல்லாம் ஒரு பொதுக் கணினியில் இருந்தன. அவரவர் மேசைக் கணினியிலிருந்து அதற்குள் நுழைய எல்லோருக்கும் ஒரே பெயர், முதலாளியின் பெயர். கடவுச்சொல் அவருடைய மகளின் பெயர். அந்தப் பெயருக்கு நிர்வாகி உரிமை இருந்தது. நிர்வாகி உரிமை உள்ளவர் யாருடைய கோப்பையும் திறக்கலாம், மாற்றலாம், அழிக்கலாம். ஒருவருக்குக் கொடுத்து இன்னொருவருக்குக் கொடுக்காமல் விட்டால் மனம் நோகும் என்று முதலாளி எல்லோருக்கும் கொடுத்திருந்தார்.

2023 யூலையில், இமெல்டா சேர்ந்து நாலாம் மாதம், ஒரு வாடிக்கையாளரின் ஆவணங்கள் முழுவதும் காணாமல் போயின. அவருடைய கொள்கலன் துறைமுகத்திலேயே தேங்கியது. அழித்தது யார் என்று தேடினால், கணினியில் பதிவாகியிருந்தது முதலாளியின் பெயர். அந்தப் பெயரில்தான் எல்லோரும் வேலை செய்தார்கள். சந்தேகம் புதிதாக வந்தவள்மேல் விழுந்தது.

"பிள்ளை, இன்னொருக்கா இப்பிடி நடந்தா உம்மை வைச்சிருக்க ஏலாது," என்றார் தில்லைநாதன்.

"சரி சேர். ஆனா அடுத்தமுறை ஆரெண்டு தெரியிற மாதிரி செய்து தாறன். அதுக்கு மட்டும் விடுங்கோ."

அவர் விட்டார். அவள் ஒவ்வொருவருக்கும் தனிக் கணக்குத் திறந்து, அவரவர் வேலைக்குத் தேவையான அளவு உரிமை வைத்தாள். பொதுக் கணினியின் பிரதி ஒன்று தினமும் எடுக்கப்படவும் வழி செய்தாள். இருபது வருடமாக அங்கே இருக்கும் பஸீர் நானா முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

"நேத்து வந்த புள்ள எனக்கு அளவு வெக்கிறா."

"எனக்கும் அதே அளவுதான் நானா. நிர்வாகிக் கணக்கு வேற. தேவைப்பட்டா மட்டும்தான் அதைத் திறப்பன்."

முதலாளியிடமும் சாதாரணக் கணக்கே போதும் என்றாள்.

"அப்ப என்ர கொம்பனியில நான் சாதாரண ஆளோ?"

அவருடைய பெயருக்கு நிர்வாகி உரிமை அப்படியே இருந்தது. கடவுச்சொல்லை மட்டும் அவரையே புதிதாக வைக்கச் சொன்னாள்.

ஓகஸ்ட் 18, வெள்ளிக்கிழமை, இன்னொரு வாடிக்கையாளரின் ஆவணங்கள் காணாமல் போயின.

"முடிஞ்சுது தங்கச்சி, பேக்கைக் கட்டு," என்றார் பஸீர் நானா. அதைச் சொல்லும்போது அவர் சிரிக்கவில்லை என்று இமெல்டா சொன்னாள்.

அவள் பதிவைத் திறந்து பார்த்தாள். அன்று காலை, முதலாளியின் கணக்கு. இப்போது அந்தப் பெயர் ஒருவரைத்தான் குறித்தது. சொன்னாலும் வேலை போகலாம், சொல்லாவிட்டால் நிச்சயமாகப் போகும். அவரைக் கூப்பிட்டுக் காட்டினாள்.

தில்லைநாதன் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு பார்த்தார். வெள்ளிக்கிழமைகளில் கற்பூரம் காட்டுவதற்கு முன் தன் மேசையைத் தானே ஒழுங்காக்குவது அவர் வழக்கம். பழைய தாள்களைக் கிழிப்பார், மேசையைத் துடைப்பார்.

"கொம்பியூட்டரையும் துப்புரவாக்கினனான்தான். ஆனா அது என்ர திரையில கிடந்த குப்பையெல்லோ?"

"உங்கட திரையில தெரிஞ்சது பொதுக் கணினியில உள்ளது சேர். அங்க அழிஞ்சா எல்லாருக்கும் அழியும்."

"போன மாசமும் நான்தானோ?"

"அது எனக்குத் தெரியாது சேர். அப்ப எல்லாரும் உங்கட பேரிலதான் இருந்தம்."

பின்னாலிருந்து பஸீர் நானா, "மேசையும் பளபளக்குது, ஃபைலும் பளபளக்குது," என்றார். முதலாளிதான் முதலில் சிரித்தார். பிரதியிலிருந்து ஆவணங்களை இமெல்டா மத்தியானத்துக்குள் மீட்டுவிட்டாள்.

"என்ர உரிமையையும் எடும் பிள்ளை," என்றார் அவர். "கற்பூரம் காட்ட அது தேவையில்லை."

நிர்வாகி உரிமை இனி யாரிடம் இருக்கும் என்பதை அவர் எழுத்தில் போட விரும்பினார். அதுவரை அந்த அலுவலகத்தில் எந்தத் தாளிலும் இமெல்டாவிடம் கையெழுத்துக் கேட்டதில்லை. காலை வரவுக்குக்கூட இயந்திரத்தில் விரல் வைப்பதுதான். ஒரு பந்தி தட்டச்சு செய்து, கீழே 'கணினி முறைமை நிர்வாகி' என்று போட்டு அவள் முன் வைத்தார்கள். அங்கே அவள் முதன்முதலாகத் தன் பெயரை எழுதிக் கையெழுத்திட்ட திகதி: 2023 ஓகஸ்ட் 21, திங்கட்கிழமை.