விழா உண்டு, இல்லை, உண்டு

ஊருக்குச் சேதி கூவுகிற தொழிலில் முதலீடு தொண்டை மட்டும்தான். சேதி மாறினால் அடி விழுகிற இடம் வேறு. அடுத்தவர் சொன்னதை ஊராருக்குச் சொல்லி, அதற்கு நீங்கள் ஏச்சு வாங்கியவரா? அப்படியானால் பக்கத்தில் வந்து உட்காருங்கள். நீங்கள் நம்ம ஆள்.

எனக்குப் பதினேழு வயது. பினாங்கில் எங்கள் சங்கீத சபைக்கு நான்தான் விளம்பரக்காரன். ஆ செங் ரிக்‌ஷா இழுக்க, நான் தகரக் குழலை வாயில் வைத்துக்கொண்டு கடைத்தெருவிலிருந்து சுங்கை பினாங் வரை கூவிக்கொண்டு போவேன். யார் என்னிடம் சேதி கொடுத்தாரோ அவர் குரலிலேயே கூவுவது என் வழக்கம். கெட்ட பழக்கம் என்று அம்மா சொல்வாள், அதையும் அவள் குரலில் திருப்பிச் சொல்லிக் காட்டுவேன்.

போன வருஷம் விழா நடக்கவில்லை. தொடர்ந்து இரண்டு வருஷம் விழா நின்றால் சபையைக் கலைத்துவிட வேண்டும் என்பது விதி. சபை கலைந்தால் எனக்கு மாமாவின் கிட்டங்கியில் மிளகாய் மூட்டை பிரிக்கிற வேலை காத்திருந்தது. எனக்கு மிளகாய் நெடி ஆகாது. ஆகவே இந்த வருஷம் விழா நடக்க வேண்டும் என்று பினாங்கிலேயே அதிகமாக வேண்டிக்கொண்ட சங்கீத ரசிகன் நான்தான்.

ஒரு திங்கட்கிழமை, மூன்று சீட்டு

காலை எட்டு மணிக்குக் காரியதரிசி சபாபதி பிள்ளை ஒரு சீட்டுக் கொடுத்தார். கடைத்தெருவில் ஜவுளிக்கடை வைத்திருப்பவர். துணி மடித்து மடித்து, பேச்சையும் இரண்டாக மடிப்பது அவருக்குப் பழகிப்போய்விட்டது. "விழா நடக்குது தம்பி, நடக்குது. வெள்ளிக்கிழமை ஆரம்பம், வெள்ளிக்கிழமை." நானும் இரண்டிரண்டு தடவையாகக் கூவிக்கொண்டு போனேன்.

பதினொரு மணிக்குத் தலைவரின் ஆள் வேறு சீட்டோடு ஓடிவந்தான். தலைவர் வைத்தியலிங்கம் துறைமுக ஆபீசில் பெரிய கிராணியாக, அதாவது தலைமைக் குமாஸ்தாவாக இருந்தவர். பென்ஷன் வந்தும் 'மேற்படி' அவரை விட்டுப் போகவில்லை. "மேற்படி விழா மறு அறிவிப்பு வரும்வரை ஒத்திவைக்கப்படுகிறது." காரணம் பெரியது. குத்துவிளக்கை ஏற்றுவது தலைவர் சம்சாரமா, காரியதரிசி சம்சாரமா? மூக்கால் பேசி அதையும் கூவினேன். நாலு மணிக்கு, இரண்டு அம்மாக்களும் ஒரே மெழுகுவர்த்தியைச் சேர்ந்து பிடித்துக்கொள்ளலாம் என்று சமாதானமாகி, மூன்றாவது சீட்டு வந்தது. அதற்குள் தமிழே தெரியாத ஆ செங், "விழா உண்டு, விழா இல்லே" என்று இழுத்துக்கொண்டே பாட ஆரம்பித்துவிட்டான்.

தெருமுனையில் நாசி கண்டார் சோற்றுக் கூடையை இறக்கிவைத்திருந்த மீரா நானா கையைக் காட்டி எங்களை நிறுத்தினார். "தம்பி, விழா நடக்குதா இல்லையான்னு நீ எனக்குச் சொல்ல வேணாம் லா. வெள்ளிக்கிழமை எத்தனை பேருக்குச் சோறாக்கணும், அதை மட்டும் சொல்லிட்டுப் போ."

மாடிப்படிக்குக் கீழே ஒரு தலைவர்

சபையின் கமிட்டி பிள்ளையின் ஜவுளிக்கடை மாடியில் கூடும். தலைவருக்கு முட்டிவலி. மாடி ஏற மாட்டார். படிக்குக் கீழே நின்று, மேலே பார்த்துத் தம் கருத்தைச் சொல்லிவிட்டு வீட்டுக்குப் போய்விடுவார். மேலே உள்ளவர்கள் அதை எழுதிக்கொள்வார்கள். நாலு வருஷமாக இப்படித்தான். அந்தச் சபையில் தலைவர் என்பது ஒரு குரல்.

குரல்தானே, அது என்னிடமும் இருந்தது. செவ்வாய்க்கிழமை விழாவை நிறுத்திவிடலாமா என்று மேலே பேச்சு எழுந்தது. ரப்பர் விலை கிடக்கிற கிடப்பில் யார் பாட்டுக் கேட்பார்கள் என்று ஒருவர் பெருமூச்சு விட்டது கீழே எனக்குக் கேட்டது. மிளகாய் நெடியை நினைத்துக்கொண்டேன். படிக்கட்டில் இரண்டு தடவை செருமினேன். "மேற்படி விழா எந்தக் காரணத்தை முன்னிட்டும் நிறுத்தப்படலாகாது. இதை ஏகமனதாக எழுதவும்." மேலே ஒரு நாற்காலி நகர்ந்தது. பிறகு பேனா கீறுகிற சத்தம்.

மறுநாள் காலை உண்மையான தலைவர் வந்து கீழே நின்றார். பிள்ளை மாடியிலிருந்து தீர்மானத்தைப் படித்துக் காட்டினார். நான் துணிக்கட்டுகளுக்குப் பின்னால் ஒளிந்து நின்றேன். தலைவர் கண்ணை மூடிக் கேட்டுவிட்டுத் தலையாட்டினார். "நான் சொன்னது ஒரு எழுத்துக்கூட மாறாமல் எழுதியிருக்கிறது. இந்த மாதிரிதான் குறிப்பு எழுத வேண்டும்."

மாலை விழுந்த கழுத்து

புதன்கிழமை கப்பல் வந்தது. தஞ்சாவூர்ப் பக்கத்துப் பாகவதர் அதில் வருகிறார், இரண்டாம் வகுப்பு டிக்கெட்டைச் சபையே அனுப்பியிருந்தது. ஆனால் கமிட்டியில் ஒருவரும் அவரைப் பார்த்ததில்லை. பட்டு அங்கவஸ்திரம், சந்தனப் பொட்டு, கொஞ்சம் தொப்பை, இவ்வளவுதான் துப்பு. இரண்டாம் வகுப்புப் படகிலிருந்து அப்படியே ஒருவர் இறங்கினார். மாலை விழுந்தது. தலைவர் வரவேற்புப் பத்திரத்தை வெயிலில் நின்று முழுதும் வாசித்தார். 'நாதக்கடலே' என்று கூப்பிட்ட இடத்தில் வந்தவர் மட்டும் ஒரு தடவை பின்னால் திரும்பிப் பார்த்தார். மற்றபடி மரியாதையாகக் கேட்டுக்கொண்டார்.

வாசிப்பு முடிந்து, "பக்கவாத்தியம் எங்கே, எங்கே?" என்று பிள்ளை கேட்டபோதுதான் அவர் வாயைத் திறந்தார். "ஐயா, நான் பல்பொடி ஏஜண்டு. அது போகட்டும், மாலையை மட்டும் திருப்பிக் கேட்காதீங்க, நேரே மாமனார் வீட்டுக்குத்தான் போறேன்."

ரசம் செய்த வேலை

பாகவதர் எங்கே போனார் என்பது சாயங்காலம்தான் தெரிந்தது. இரண்டாம் வகுப்பில் அடுத்தவர் கைச் சமையல். அவருக்கு அது ஆகாது. கப்பல் கிளம்பிய முதல் நாளே சொம்பு, புளி, பருப்போடு மேல்தளத்துக்குப் போய், கூலி ஜனங்களுக்கு நடுவில் அடுப்பு மூட்டி உட்கார்ந்துவிட்டார். ரச வாசனைக்குப் பின்னாலேயே பிடிலும் மிருதங்கமும் போயின. பினாங்கு வந்ததும் மேல்தளத்து ஆட்கள் எல்லாரையும் வழக்கம்போல ஜெரெஜாத் தீவுக்கு ஏற்றிக்கொண்டு போனார்கள். அம்மை, காலரா இல்லை என்று தெரிகிறவரை ஒரு வாரம் அங்கேதான் வைத்திருப்பார்கள். பாகவதர் அடுப்பை அணைத்து முடிப்பதற்குள் அவரையும் எண்ணிக்கையில் சேர்த்துவிட்டார்கள்.

வியாழக்கிழமை தலைவர் மூன்று பக்கத்தில் மனு எழுதினார், அதில் 'மேற்படி' மட்டும் பதினெட்டு. நான்தான் சுகாதார ஆபீசுக்குக் கொண்டுபோய்க் கொடுத்தேன். அங்கிருந்த கிராணி படித்துவிட்டு மூக்குக் கண்ணாடியைக் கழற்றினார். "தம்பி, அடுப்பு ஊதிக்கிட்டிருந்தவரை இரண்டாம் வகுப்புப் பயணின்னு நான் எப்படி எழுதறது? எங்க வெள்ளைக்காரத் துவான் என்னை ஊதிடுவார்."

சாம்பானில் முதல் வரிசை

வெள்ளிக்கிழமை, விழா ஆரம்ப நாள். மண்டபக் கதவில் 'பொறுத்திருக்கவும்' என்று பலகை தொங்கியது. பாகவதர் தம் வாயாலேயே தாம் யார் என்று அதிகாரியிடம் சொன்னால் விட்டுவிடுவார்கள் என்று பிள்ளைக்கு ஒரு நம்பிக்கை. தீவில் இறங்க அனுமதி இல்லை. ஆனால் கடலில் நின்று கூவக் கூடாது என்று எங்கும் எழுதியிருக்கவில்லை. தகரக் குழலோடு என்னைச் சாம்பான் படகில் ஏற்றினார்கள், பிள்ளையும் ஏறிக்கொண்டார். தலைவரை இறக்கி உட்கார வைக்க நாலு பேர் வேண்டியிருந்தது.

தீவை நெருங்கியபோது மணி நாலரை. குழலைத் தூக்கினேன், கூவவில்லை. கரையில் ஒரு பெரிய மரத்தடியில் பாகவதர் உட்கார்ந்து பாடிக்கொண்டிருந்தார். பிடில், மிருதங்கம், எல்லாம் இருந்தன. எதிரே தோட்டத்துக்குப் போகிற நானூறு ஐந்நூறு பேர் மண்ணில் உட்கார்ந்திருந்தார்கள். யாரும் இருமக்கூட இல்லை. இருமினால் இன்னும் ஒரு வாரம் பிடித்து வைப்பார்கள் என்ற பயமாகவும் இருக்கலாம். எனக்கு எந்தக் குரலைக் கேட்டாலும் தொண்டை துருதுருக்கும். அந்தக் குரலுக்கு மட்டும் அது சும்மா இருந்தது. பிள்ளை "ஆகா" என்றார், ஒரே ஒரு தடவை.

தலைவர் கடிகாரத்தைப் பார்த்தார். "மேற்படி கச்சேரியை உடனே நிறுத்தச் சொல். ஆறு மணிக்கு மண்டபத்தில் ஆரம்பமாக வேண்டியது இது." தொழில் தொழில்தானே? அவர் குரலிலேயே கூவினேன். கரையோரம் குழந்தையை மடியில் போட்டிருந்த ஒரு அம்மாள் மட்டும் திரும்பிப் பார்த்து, விரலை வாயில் வைத்துக் காட்டினாள். "யாரு சாமி அது படகுல? சத்தம் போடாதீங்க, பாட்டு நடக்குதுல்ல."

ஒரு வாரம் கழித்து

சனி, ஞாயிறும் பாகவதர் அங்கே பாடினாராம். திங்கட்கிழமை கமிட்டி கூடியது. தலைவர் படிக்குக் கீழிருந்து தீர்மானம் சொன்னார், இந்தத் தடவை நிஜமாகவே அவர்தான். சபை அழைத்த வித்துவான் பாடியிருக்கிறார், குறித்த மூன்று நாளும் பாடியிருக்கிறார், தலைவரும் காரியதரிசியும் நேரில் இருந்திருக்கிறார்கள். ஆகவே மேற்படி விழா சிறப்பாக நடந்தேறியது. சபை பிழைத்தது. நானும் மிளகாயிலிருந்து பிழைத்தேன்.

புதன்கிழமை பாகவதரை விட்டார்கள். ஈப்போவுக்குப் போகிற வழியில் ஜவுளிக்கடை மாடிக்கு வந்தார். "ஒரே ஒரு கச்சேரி, ஒரே ஒரு கச்சேரி, நம்ம மண்டபத்தில்" என்று பிள்ளை அவர் கையைப் பிடித்துக்கொண்டார். ஒரே வருஷத்தில் இரண்டு விழாவுக்கு விதியில் இடமில்லை என்று கீழேயிருந்து குரல் வந்தது. பிள்ளை என்னை முறைத்தார். நான் அவர் பக்கத்திலேயேதான் வாயை மூடிக்கொண்டு நின்றிருந்தேன். பேச்சை மாற்றப் பிள்ளை, எங்கள் விழா எப்படி இருந்தது என்று பாகவதரைக் கேட்டார். பாகவதர் வெற்றிலையை ஒதுக்கிக்கொண்டு யோசித்தார். "ரசிகர்கள் என்றால் உங்கள் ஊர் ரசிகர்கள்தான். மூன்று நாளும் ஒருத்தர்கூடப் பாதியில் எழுந்து போகவில்லை."

இந்தத் தொழிலில் நான் கற்றுக்கொண்டது இவ்வளவுதான்: நடந்து முடிந்த விழா ஒன்றைத்தான் எந்தக் கமிட்டியாலும் ஒத்திவைக்க முடியாது, ஆகையால் அடுத்த வருஷத்து விழாவையும் முடிந்துவிட்டதாகவே முதலில் கூவிவிடலாம் என்றிருக்கிறேன்.