மருந்து வீணாகக் கூடாது என்று

வாந்தியை விழுங்கினால் திரும்ப உள்ளே போகும்போதுதான் அதன் ருசி முழுதாகத் தெரியும். கண்டியிலிருந்து ஹட்டனுக்கு வரும் பஸ்ஸில் அதைப் பல தடவை செய்திருக்கிறேன்.

என் கழுத்தில் வந்த கட்டி புற்றுநோய் என்று சொல்லி, கண்டி ஆஸ்பத்திரியில் மூன்று வாரத்துக்கு ஒரு முறை கையில் ஊசி குத்தி மருந்து ஏற்றினார்கள். அதில் ஒன்று திருவிழாக் கடைச் சர்பத் போல் சிவப்பாக இருக்கும். முதல் நாளே நர்ஸ் மிஸ் எல்லாவற்றையும் தமிழில் விளக்கினார். நான் தலையை ஆட்டிக்கொண்டிருந்தேன். அஞ்சாம் வகுப்போடு நின்றவன் நான். படித்தவர்கள் பேசினால் காது அடைத்துவிடும். "வாந்தி வரும், வந்தா சொல்லுங்க" என்றது மட்டும்தான் உள்ளே போனது. ஏன் சொல்லச் சொல்கிறார் என்று நானே ஒரு முடிவுக்கு வந்தேன். சின்ன வயதில் வயிற்றுப் பூச்சிக்குக் கொடுத்த மருந்தை வாந்தி எடுத்தால் அம்மா மறுபடி ஊற்றுவார். இங்கேயும் அப்படித்தான், வெளியே போனால் மறுபடி ஏற்றுவார்கள். அதை மறுபடி தாங்க என்னால் முடியாது.

ஆகவே அடக்கினேன். கினிகத்தேனை வளைவுகளில் பஸ் ஆட, பக்கத்து ஸீட்டில் ஒருவர் மீன் வைத்த பனிஸ் ரொட்டி தின்றுகொண்டிருந்தார். தொண்டை வரை வந்ததைப் பல்லைக் கடித்து உள்ளே தள்ளினேன். புளிப்பும் கசப்புமாக மூக்குக்குள்ளும் ஏறியது. அன்றைக்குச் சிறுநீர் சிவப்பாகப் போனது. மருந்து இந்த வழியாகவும் ஒழுகுகிறதே என்று அதையும் அடக்கினேன்.

வீட்டில் இன்னும் மோசம். வாயெல்லாம் புண். எச்சிலில் ஆணியைச் சப்பியது போல் ஒரு ருசி. காலையில் தலையணையில் கொத்துக் கொத்தாக முடி, அதில் எச்சில் காய்ந்து ஒட்டியிருக்கும். நான் தேயிலை ஃபெக்டரியில் இருபது வருஷத்துக்கு மேல் வேலை செய்தவன். இப்போது கொழுந்து வாடும் வாசனை நாங்கள் குடியிருக்கும் லயத்துப் பக்கம் வந்தாலே குடல் புரண்டது. தேத்தண்ணீர் துருப்பிடித்த தகரம் போல் இருந்தது. என் உடம்பின் நாற்றம் எனக்கே பிடிக்கவில்லை. வாந்தி வராமல் இருக்க வேண்டுமென்று சாப்பாட்டையும் குறைத்தேன்.

நாலாவது தடவை போனபோது டாக்டர் என்னைத் தராசில் ஏற்றிப் பார்த்துவிட்டுச் சிங்களத்தில் ஏதோ சொன்னார்.

"இப்படி எடை கொறஞ்சா இன்னைக்கு மருந்து ஏத்த முடியாதுன்னு சொல்றாங்க அண்ணே. இடையில நிறுத்தினா கட்டி திரும்ப வளந்துரும். வாந்தி நெறய போகுதா?" என்று நர்ஸ் கேட்டார்.

"இல்ல மிஸ்" என்றேன்.

பையை மடியில் வைத்துப் பக்கத்தில் உட்கார்ந்திருந்த என் மனைவி குறுக்கிட்டாள்.

"வாந்தி எப்புடி மிஸ் போகும்? இந்த மனுசன்தான் முழுங்கிருறாரே!"

"என்னது?"

"வாய்க்கு வந்தத திரும்ப முழுங்குறாரு. மருந்து வீணாப் போயிருமாம்."

எத்தனையோ பேரின் சீழையும் மலத்தையும் துடைத்தவர் அந்த நர்ஸ். அவர் முகம் கோணியதை அன்றைக்குத்தான் பார்த்தேன்.

"ஐயோ அண்ணே! மருந்து நரம்பு வழியா ரத்தத்துல போகுது. வயித்துல இருந்தாத்தானே வாந்தியில வரும்? வேகமா வளர்றத எல்லாம் அது அடிக்கும். கட்டி வேகமா வளருது, அத அடிக்குது. முடியும் வாய்த்தோலும் குடல்தோலும் வேகமாத்தான் வளருது, அதையும் அடிக்குது. அதுக்கு வித்தியாசம் தெரியாது."

"அப்ப வாந்தி ஏன் மிஸ் வருது?" என்று மனைவி கேட்டாள்.

"வெஷம் வந்திருச்சு, வெளிய தள்ளுன்னு மூள சொல்லுது."

"வெஷமா மிஸ்?"

"கிட்டத்தட்ட வெஷந்தான். அதான் அளந்து குடுக்குறோம். ஒண்ணுக்கு செவப்பாப் போறது மருந்தோட நெறம், பயப்பட வேணாம். அத அடக்குனா மூத்திரப்பை புண்ணாயிரும். நெறய தண்ணி குடிங்க. வாந்தி வந்தா அடக்காம பேசின் கேளுங்க, எடுக்கச் சட்டி தருவோம்."

"அப்ப இவ்வளவு நாளா இவரு முழுங்குனது?"

"சும்மா முழுங்கிருக்காரு."

பக்கத்துக் கட்டிலில் இருந்தவர் சிரித்துவிட்டார். விழுங்கிய ஒவ்வொரு வாயும் நினைவுக்கு வந்தது. எல்லாம் வெறும் எச்சிலும் பித்தமும் செரிக்காத சோறும்தான்.

நர்ஸ் போய் டாக்டரிடம் சொன்னார். டாக்டர் என்னை ஒரு மாதிரிப் பார்த்தார். இரத்தச் சோதனை பரவாயில்லை என்பதால் வாந்தியை நிறுத்தப் பலமான மாத்திரை எழுதி, நன்றாகச் சாப்பிட வேண்டும் என்ற நிபந்தனையோடு அன்றைக்கே மருந்து ஏற்றச் சம்மதித்தார்.

மாத்திரை கொடுத்துக் கொஞ்ச நேரம் கழித்து ஊசி குத்தினார்கள். குழாயில் சிவப்பு இறங்கியதும், மாத்திரையையும் மீறி, பழக்க தோஷத்தில் தொண்டை கரித்தது. வாய் தானாக மூடிக்கொண்டது. நான் அதைத் திறந்து, அந்த வார்டு முழுக்கக் கேட்கும்படி, "மிஸ், பேசின்!" என்று கத்தினேன்.

நர்ஸ் கொண்டு வந்த பேசினில், அதைக் கழுவிய லைசோல் மருந்தின் வாடை அடித்தது. அதற்கே வாந்தி வந்துவிட்டது. மனைவி முதுகைத் தடவிக்கொண்டே, "தாராளமா எடுங்க, யாருக்கும் நட்டமில்ல" என்றாள்.