திரைக்கதையில் வந்த நாய்

மறுமலர்ச்சிக்கால ஓவியங்களின் இரகசியங்களை ஆசியாவிலேயே அறிந்தவன் நான் ஒருவன்தான். ஓவியத்தில் நாய் நின்றால் விசுவாசம் என்று தங்கை மகளுக்குப் பாடம் எடுத்தவனும் நானே.

இன்று ஹட்டன் பஸ்ஸில் அவள் எழுதிய திரைக்கதையைப் படித்தேன். தேர் வடத்தை முதலில் யார் பிடிப்பது என்று சண்டை போட்டுப் பேச்சை நிறுத்திய நானும், தேயிலைத் தோட்டத்து லயத்தின் வரிசை வீடுகளில் அடுத்த காம்பராவில் இருக்கும் முத்தையாவும்தான் கதை. எல்லாக் காட்சியிலும் ஒரு நாய்!

போன் போட்டேன். "எங்க நட்போட விசுவாசத்துக்கு அடையாளமா, தாயி?"

"இல்லீங்க மாமா, அது நம்ம மணி. இன்னமும் ரெண்டு வீட்டுலயும் சாப்புடுறது அது மட்டுந்தான்."

டிக்கோயாவில் முத்தையா ஏறினான். இருந்தது ஒரே சீட், என் பக்கத்தில். அவன் கையிலும் அதே திரைக்கதை.

கடைசிக் காட்சியில் இருவரும் பேச வேண்டுமாம். வசனத்துக்கு இடம் விட்டிருக்கிறாள்.

ஹட்டன் வரை ஆளுக்கொரு பக்கம் பார்த்தோம்.

முதல் வசனம் யாருடையது? நீங்களே சொல்லுங்கள். மணிக்குப் பேச வராது.