மூன்றாமவள் சாகும் காட்சி

நாடகத்தில் ஒரு பிள்ளை சாகவேண்டும். பிரச்சினை அவ்வளவுதான். ஆனால் அதற்குத் தன் மகளைத் தருவதற்கு ஒஸ்லோவில் ஒரு தமிழ்த் தாயும் சம்மதிக்கவில்லை.

இரண்டாயிரங்களின் தொடக்கத்தில் நடந்தது இது. அப்போது நான் கிழமை நாட்களில் ஒரு முதியோர் இல்லத்துச் சமையலறையில் உருளைக்கிழங்கு அவித்துக்கொண்டிருந்தேன். சனிக்கிழமைகளில் ரொம்சோஸ் என்ற புறநகரில், வாடகைக்கு எடுத்த வகுப்பறையில், பிள்ளைகளுக்குத் தமிழ் சொல்லிக் கொடுத்தேன். அதனால் எல்லாருக்கும் நான் ‘ரீச்சர்’. ரீச்சர், ரீச்சர் என்று கூப்பிட்டே ஆண்டு விழா நாடகத்தையும் என் தலையில் கட்டிவிட்டார்கள். வழக்கமாக அது ஒரு ராசா, ஒரு மந்திரி, இரண்டு அட்டைக் கிரீடம் என்று முடிந்துவிடும். அந்த வருடம் பார்த்து எனக்கு இலக்கிய ஆசை பிடித்துவிட்டது.

ஆசைக்குக் காரணம் ஓர் அமெரிக்க நாவல். நோர்வீஜிய மொழி படித்த காலத்தில், இளம் பிள்ளைகளுக்கான கதைகளை வாசித்தால் மொழி சீக்கிரம் வரும் என்று வகுப்பாசிரியர் சொன்னார். நூலகத்தில் முதலில் கைக்கு அகப்பட்டதை எடுத்து வந்தேன். நாலு சகோதரிகள். தகப்பன் சண்டைக்குப் போய்விட்டார். தாய் தனியாகப் பிள்ளைகளை வைத்துக்கொண்டு பல்லைக் கடித்துக்கொண்டு காலம் தள்ளுகிறாள். வெளியே பனி. வீட்டில் காசில்லை. நூறு வருடங்களுக்கு மேல் பழைய கதை என்றார்கள். எனக்கென்றால் பக்கத்து வீட்டுக் கதை மாதிரி இருந்தது. மூத்தவள் அழகி, இரண்டாமவள் எழுதுகிறவள், கடைசி செல்லம். மூன்றாமவள் வாயில்லாப் பூச்சி. ஓர் ஏழை வீட்டுக் குழந்தையைப் பார்க்கப்போய் அவளுக்குக் காய்ச்சல் தொற்றிவிடுகிறது. ஆனால் பிழைத்துவிடுகிறாள். தகப்பனும் வந்துவிடுகிறார். நல்ல புத்தகம் என்று திருப்பிக் கொடுக்கப் போனேன்.

நூலகப் பெண் சிரித்துக்கொண்டே இரண்டாம் பாகத்தை எடுத்து நீட்டினாள். அதில் மூன்றாமவள் செத்துப்போகிறாள். சுரங்க ரயிலில் அதை வாசித்துக்கொண்டிருந்தவள் இறங்கவேண்டிய இடத்தில் இறங்காமல் கடைசித் தரிப்பிடம் வரைக்கும் போய்விட்டேன். எனக்கு வந்த கோபம் கொஞ்சநஞ்சமல்ல. பிழைக்கவைத்த பிள்ளையை இன்னொரு பாகம் எழுதிச் சாகடிப்பதா?

அந்தக் கதையை அடிக்கடி படமாக எடுத்திருக்கிறார்கள். கறுப்பு வெள்ளையில் இருந்தது, கலரில் இருந்தது. நூலகத்தில் இருந்த கசெற்றுகளை எல்லாம் கொண்டுவந்து மகளோடு உட்கார்ந்து பார்த்தேன். படத்துக்குப் படம் சட்டை மாறியது, கொண்டை மாறியது, எழுதுகிறவளின் மாப்பிள்ளை மாறினார். நானும் ஒவ்வொரு முறையும், இந்த டைரக்டராவது நல்ல மனுசனாக இருப்பான் என்று நம்பிக்கொண்டிருப்பேன். எல்லாரும் ஒரே மாதிரிக் கல்நெஞ்சக்காரர்கள்தான். மேடையிலும் அமெரிக்காவில் காலங்காலமாக ஆடுகிறார்கள், அங்கேயும் சாகிறாள் என்று நூலகப் பெண் இரக்கமில்லாமல் சொன்னாள்.

“அம்மா, ஒரே கதையை எத்தினை தரம் எடுத்தாலும் அவள் சாகத்தானே வேணும்” என்றாள் மகள். அவளுக்குப் பதினாலு வயது. ஒரே பிள்ளை.

“அந்தக் காலத்துக் காய்ச்சல்” என்றார் பஸ் ஓட்டும் என் கணவர். “இஞ்சை நோர்வேயிலை எண்டால் பிழைச்சிருப்பாள். ஆஸ்பத்திரிக்குக் காசில்லைத்தானே.”

சரி, நாடகத்துக்கு வருகிறேன். கதையைத் தமிழில் எழுதி, தாய்மாரைக் கூட்டி வாசித்துக் காட்டினேன். மூத்தவள் வேடத்துக்கு அடிபிடி. கடைக்குட்டிக்கும் அடிபிடி. இரண்டாமவள் கதையில் தன் தலைமயிரை வெட்டி விற்கவேண்டும். மகளின் நடன அரங்கேற்றம் வருகிறது, முடியில் கை வைக்க விடமாட்டேன் என்று ஒரு தாய் எழும்பினாள். சென்னையிலிருந்து வந்த ஒரு பெண், மேக்கப் பொறுப்பு அவளுடையது, “கவலைப்படாதீங்கக்கா, எங்கிட்ட சவுரி இருக்கு, அதை வெட்டிக்கலாம்” என்று அந்தச் சண்டையைத் தீர்த்துவைத்தாள். மூன்றாமவள் என்றதும் எல்லாரும் தேத்தண்ணீர்க் கோப்பைக்குள் எதையோ தேடினார்கள்.

ஒருத்தியின் மகளுக்கு அட்டமத்துச் சனி. இன்னொருத்தியின் மகள் அப்போதுதான் பெரியபிள்ளை ஆனவள், அவளைப் பாடையில் படுக்க வைப்பதா? பாடை இல்லை, கட்டில் என்றேன். கேட்கவில்லை. மூன்றாவது ஆள், “ரீச்சர், மேடையிலை விளையாட்டுக்குச் சொன்னாலும் வானத்திலை தேவர்கள் அப்பிடியே ஆகட்டும், ததாஸ்து எண்டு சொல்லுவினம்” என்று கையெடுத்துக் கும்பிட்டாள்.

விழா நடத்தும் தமிழ்ச் சங்கத்தின் தலைவர் சமாதானமான மனிதர். எந்தச் சண்டையையும் வடை கொடுத்துத் தீர்க்கலாம் என்று நம்புகிறவர். அன்றைக்கு வடையோடு ஒரு யோசனையும் தந்தார்.

“ரீச்சர், முதல் பாகத்திலை பிள்ளை பிழைச்சிட்டுது எண்டு நீங்கள்தானே சொன்னனீங்கள்? அதோடை நிப்பாட்டுங்கோவன். ஆருக்குத் தெரியப்போகுது?”

எனக்கு எங்கிருந்துதான் அந்த வேகம் வந்ததோ. எழும்பி நின்று ஒரு பேச்சுப் பேசினேன். “பாதிக் கதை சொல்லுறது இலக்கியத் துரோகம். நடிப்பு வேறை, சீவியம் வேறை. சகுனம் பாக்கிற சனம் வீட்டிலை பஞ்சாங்கம் வாசிக்கட்டும், நாடகம் போடவேண்டாம்!” சென்னைப் பெண் மட்டும் கைதட்டினாள். தாய்மார் முகத்தை முழநீளத்துக்கு வைத்துக்கொண்டார்கள்.

அப்போதுதான் பின்வரிசையிலிருந்து என் மகள், “அம்மா, நான் சாகிறன்” என்றாள்.

எல்லாருடைய கண்ணும் என் பக்கம் திரும்பியது. பேசிய பேச்சின் சூடு இன்னும் அறையைவிட்டுப் போகவில்லை. “ஏன், தாராளமாய்” என்றேன். வேறென்ன சொல்ல?

அவளுக்கு அந்த வேடத்தில் பைத்தியம். மற்ற மூன்று பேரும் வெறும் ‘ஷேடலி’ என்றாள். நோர்வீஜியத்தில் சுத்த அறுவை என்று அர்த்தம். “முழு நாடகத்திலையும் அந்த ஒரு சீன் தான் அம்மா உண்மையான நடிப்பு. சனத்தை அழ வைக்கோணும்.” அதன்பிறகு எங்கள் வீட்டில் செத்துச் செத்துப் பழகினாள். சோபாவில் செத்தாள். குசினித் தரையில் செத்தாள். வேலையால் வந்த கணவர் வாசலில் கிடந்த பிணத்தைத் தாண்டிப் போய்ச் சோறு போட்டுச் சாப்பிட்டார். மூச்சை அடக்கி நெஞ்சு அசையாமல் கிடக்க அவள் பழகிவிட்டாள். கெட்டிக்காரி என்று வாயால் சொல்லிவிட்டு, போகிற போக்கில் காலில் ஒரு கிள்ளுக் கிள்ளிப் பார்ப்பேன்.

ஒத்திகையில் ஒரு விசயம். அந்தக் காட்சிக்குக் கிட்ட வரும்போதெல்லாம் எனக்கு ஏதாவது ஞாபகம் வந்துவிடும். வகுப்பறையைப் பூட்டித் திறப்பைக் கொடுக்கவேண்டும், ரயிலுக்கு நேரமாகிவிட்டது, கடைக்குட்டியின் வசனம் சரியில்லை, திரும்ப முதலிலிருந்து. “நீங்கள் ஏன் எப்ப பாத்தாலும் அந்த இடத்திலை நிப்பாட்டுறியள்?” என்று மகள் கேட்டாள். “அது தன்பாட்டிலை வரும்” என்றேன்.

விழா நாள் வந்தது. பள்ளிக்கூட விளையாட்டு மண்டபம் நிறைந்த சனம். வாசலில் பனிச்சப்பாத்துகள் மலையாகக் குவிந்திருந்தன. பட்டுச்சேலையும் கம்பளிக் காலுறையுமாக நான் மேடைப் பக்கத்துத் திரைக்குப் பின்னால் வசனம் எடுத்துக் கொடுக்க நின்றேன். நாடகம் நன்றாகவே போனது. சவுரியை வெட்டியபோது யாரோ விசிலடித்தார்கள். காய்ச்சல் வந்தது, போனது, தகப்பன் வந்தார், காலம் ஓடியது. கடைசிக் காட்சிக்கு மடக்குக் கட்டிலைக் கொண்டுவந்தார்கள்.

மண்டபத்து விளக்குகளை அணைத்ததும் கும்மிருட்டு. பிள்ளையின் முகமே தெரியவில்லை. விழாத் தொடக்கத்தில் ஏற்றிய குத்துவிளக்கு மேடையோரத்தில் எரிந்துகொண்டிருந்தது. மங்கள விளக்கு, விழா முடியும்வரை அதை அசைக்கக் கூடாது என்று தலைவர் முதலே சொல்லியிருந்தார். “அப்ப கட்டிலைத் தள்ளுங்கோ, முகத்திலை வெளிச்சம் விழட்டும்” என்று நான்தான் கிசுகிசுத்தேன். தள்ளினார்கள். மகள் படுத்தாள். சென்னைப் பெண் ஒரு வெள்ளை வேட்டியைக் கழுத்துவரை இழுத்துப் போர்த்திவிட்டு, என் பக்கம் வந்து, “தத்ரூபமா இருக்குல்லக்கா?” என்றாள்.

அப்போதுதான் பார்த்தேன். வெள்ளைத் துணி. தலைமாட்டில் குத்துவிளக்கு. என் பிள்ளை மூச்சில்லாமல் கிடக்கிறாள். செத்தவீட்டில் எப்படிக் கிடத்துவோமோ, ஒரு குறையில்லாமல் அப்படியே நானே கிடத்தி வைத்திருக்கிறேன்.

மண்டபத்தில் ஒரு முணுமுணுப்பு எழுந்தது. முன்வரிசையில் ஒரு வயதான மனுசி “ஐயோ என்ரை பிள்ளையே” என்று ஒப்பாரியே வைக்கத் தொடங்கிவிட்டார். இரண்டாமவள் குனிந்து தங்கச்சியின் கையைத் தூக்கினாள். கை பொத்தென்று விழுந்தது. நாங்கள் பழகியதுதான். ஆனால் நான் திரைக்குப் பின்னால் நிற்கவில்லை.

வசனத் தாள்களோடு மேடைக்குப் போனேன். கம்பளிக் காலுறை வழுக்கி, கட்டிலைப் பிடித்துத்தான் நின்றேன். சனத்தைப் பார்த்து, “காய்ச்சல் இறங்கிட்டுது!” என்று அறிவித்தேன்.

இரண்டாமவள் வாயைப் பிளந்தாள். பிணம் கண்ணைத் திறக்காமல் பல்லுக்குள்ளால் பேசியது. “அம்மா, அங்காலை போங்கோ. நான் செத்திட்டன்.”

“நீ சாகேல்லை. எழும்பு.”

“செத்திட்டன் எண்டு சொல்லுறன். போங்கோ!”

“ஆரைக் கேட்டுச் செத்தனி? எழும்படி!”

அவள் சட்டையில் குத்தியிருந்த மைக்கை நாங்கள் இருவருமே மறந்துவிட்டோம். மண்டபத்தின் நாலு மூலையிலும் பிணம் தாயோடு வாக்குவாதப்படுவது தெளிவாகக் கேட்டது. முதலில் யாரோ ஒரு ஆள் சிரித்தார். பிறகு மண்டபமே குலுங்கியது. செத்தவளின் சகோதரிமார் மூவரும் கட்டிலைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்கள். ஒப்பாரி வைத்த மனுசி கண்ணைத் துடைத்துக்கொண்டு, “அப்பிடிச் சொல்லு மோனை!” என்று எனக்கு ஆதரவு கொடுத்தார். நான் விளக்குக்கும் மகளுக்கும் நடுவில் போய் நின்று அவளைக் கையைப் பிடித்து இழுத்து எழுப்பி இருத்திவிட்டேன். திரை விழுந்தது. அந்தச் சங்கத்தின் வரலாற்றில் அப்படியொரு கைதட்டல் விழுந்ததில்லை.

தலைவர் முடிவுரையில், தாய்ப் பாசத்துக்கு முன்னால் யமனும் தோற்பான் என்பதை எடுத்துக்காட்டிய புதுமை நாடகம் என்று புகழ்ந்து எனக்கு ஒரு கேடயம் தந்தார். தாய்மார் என்னைக் கட்டிப்பிடித்தார்கள். யாரும் குத்திக்காட்டவில்லை. அது இன்னும் மோசம். நான் ஒரு துரோகமும் செய்யவில்லை, முதல் பாகத்தோடு நிறுத்தினேன் என்று கணவரிடம் மட்டும் சொன்னேன். அவர், “ஓம் ஓம், ததாஸ்து” என்றார்.

காரில் மகள் பின்சீற்றில் சுருண்டு இருந்தாள். சவுக்காரம் போட்டுக் கழுவியும் போகாத பவுடர் கன்னத்தில் கோடுகோடாக இருந்தது.

“எனக்கு அந்த ஒரு சீன் தான் அம்மா இருந்தது.”

அவள் கத்தியிருந்தால் நானும் கத்தியிருப்பேன். அவள் கத்தவில்லை.

“எனக்கும் நீ ஒருத்திதானேடி இருக்கிறாய்” என்றேன்.

அவள் யன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். வீட்டுக்கு வந்ததும் உப்பும் மிளகாயும் எடுத்து அவளுக்கு நாவூறு கழித்து அடுப்பில் போட்டேன். புகையைக் கண்டுபிடிக்கும் கருவி வீடு அதிரக் கூவியது. சகுனம் பாக்கிற சனம் நாடகம் போடவேண்டாம் என்று பேசியவளின் வீடு அது. பல நாட்களுக்கு அவள் என்னோடு தேவைக்கு மட்டும்தான் கதைத்தாள். அடுத்த வருடம் நாடகத்துக்கு வரமாட்டேன் என்றுவிட்டாள். அது எனக்கு வலித்தது. ஆனாலும் இன்றைக்கு அந்த மேடையில் விட்டாலும் நான் அதையேதான் செய்வேன்.

சில வருடங்கள் கழித்து, தெரிந்தவர் ஒருவரின் இறுதிக்கிரியைக்கு இருவரும் போனோம். அவள் அதற்கு முன்னர் செத்தவீடு கண்டவளில்லை. பெட்டியின் தலைமாட்டில் குத்துவிளக்கு எரிந்துகொண்டிருந்தது. அவள் அதைப் பார்த்தாள். பிறகு என்னைப் பார்த்தாள்.

அவள் பல்கலைக்கழகத்துக்குப் போகத் தொடங்கிய பிறகு ஒருநாள், நகரத்து நாடக அரங்கு ஒன்றில் அந்தக் கதையை நோர்வீஜிய மொழியில் போடுகிறார்கள் என்று இரண்டு டிக்கெட் வாங்கி வந்தாள். நான் யோசித்தேன்.

“வாங்கோ அம்மா. இந்தப் பிள்ளைக்கு வேறை அம்மா இருக்கிறா” என்றாள்.

போனோம். மூன்றாமவளாக வந்தவள் நல்ல உயரமான பெண். பனிச்சறுக்கில் மலை ஏறி இறங்குகிற உடம்பு, எந்தக் காய்ச்சலும் அவளைக் கண்டு ஒதுங்கிப் போய்விடும். அதனால் தைரியமாக இருந்தேன். இடைவேளைக்குப் பிறகு கட்டில் வந்தது. வெளிச்சம் மங்கியது. அவள் படுத்தாள், நெஞ்சு அசையவில்லை. நான் ஆசனத்தின் நுனிக்கு வந்தது எனக்கே தெரியாது.

மகளின் கை வந்து என் மணிக்கட்டை இறுக்கிப் பிடித்தது. எழும்பிவிடுவேன் என்று பயந்துவிட்டாள் போலிருக்கிறது. காதுக்குள் மெல்லச் சொன்னாள்.

“அம்மா, தலைமாட்டிலை விளக்கு இல்லை. நான் முதலே பாத்திட்டன். இருங்கோ.”

எட்டிப் பார்த்தேன். இல்லைத்தான். பின்னால் சாய்ந்து உட்கார்ந்தேன். மேடையில் அந்தப் பிள்ளை ஆறுதலாக, முழுதாகச் செத்தது. நான் அதைக் கடைசிவரை பார்த்தேன். விளக்குகள் வந்து எல்லாரும் கைதட்டியபோது எங்களால் தட்ட முடியவில்லை. அவள் என் கையை இன்னும் விடவில்லை.