கம்பெனிப் புல்

நாங்கள் இருக்கும் வாடகை வீட்டுக்கு முன்னால் இரண்டு கட்டில் போடும் அளவுக்கு மண் தரை உண்டு. குடிவந்தபோது அதில் பார்த்தீனியம் இடுப்பளவு நின்றது. செடிக்குள் முன்பிருந்தவர்கள் வீசிய பால் கவர், கோழி எலும்பு, ஒற்றைச் செருப்பு. கதவைத் திறக்கும்போதெல்லாம் மூச்சை அடக்கிக்கொண்டுதான் திறப்பேன். மகள் அப்போது தவழ ஆரம்பித்திருந்தாள். கதவு கொஞ்சம் விலகினாலே வாசலைப் பார்த்துப் பாய்வாள். அவளைப் பயமில்லாமல் இறக்கிவிட ஒரு சுத்தமான இடம் வேண்டும். அதைத் தவிர எனக்கு அந்தத் தரையிடம் வேறு எதிர்பார்ப்பு இல்லை.

ஒரகடத்தில் என் கணவர் வேலை செய்யும் தொழிற்சாலையில் ஒருமுறை குடும்பங்களை அழைத்திருந்தார்கள். அங்கே அலுவலகத்தின் முன் புல்தரையில் மகளை உட்கார வைத்தேன். தூக்கியபோது அவளுடைய வெள்ளைக் கவுனில் ஒரு கறை இல்லை. அந்தப் புல்லை வெட்டிப் பராமரிக்கும் ஒப்பந்தத் தொழிலாளி வடக்குப்பட்டுக்காரர், ஞாயிற்றுக்கிழமைகளில் வீடுகளுக்கும் வேலைக்குப் போவார் என்று கணவர் சொன்னார். வரச் சொன்னேன்.

"கம்பெனில எப்படி இருக்கோ, அதே மாதிரி வேணும், அண்ணா" என்றேன்.

"அதே புல்லு, அதே கவனிப்பு. வுடும்மா. பாப்பா உருண்டு பொரண்டு வெள்ளாடட்டும்."

செடியைப் பிடுங்கி, குப்பையைக் கூட்டி அள்ளி, சதுரம் சதுரமாகப் புல் பதித்தார். சில வாரங்களில் புல் மஞ்சளாகிவிட்டது. எரு போதவில்லை என்றார். போடுங்கள் என்றேன். என்ன எரு என்று கேட்கவில்லை. எருவில் கேட்க என்ன இருக்கிறது? வாலாஜாபாத்தில் அம்மா வீட்டுக்கு மகளோடு கிளம்பும் அவசரத்தில், கேட் சாவியை அவர் கையில் கொடுத்துவிட்டுப் போனேன்.

திரும்பி வந்தபோது புல் கண்ணைப் பறித்தது. எதிர்வீட்டு அக்கா அதன் ஓரத்தில் நின்று செல்ஃபி எடுத்துக்கொண்டார். ஆனால் ஒரு வாடை. "எருன்னா நாறாதாம்மா? ரெண்டு நாள்ல பூடும்" என்று புல் போட்டவர் போனில் சொன்னார். மேலாக இருந்த வாடை போனது. அடியில் ஒன்று நின்றுவிட்டது. வெயில் ஏறினால் இனிப்பும் அழுகலுமாக எழும்பும். தண்ணீர் தெளித்தால் தொண்டை வரை வரும். மகளின் டயப்பரைத் திரும்பத் திரும்பப் பிரித்துப் பார்த்தேன். சமையலறைச் சாக்கடையில் பினாயிலைக் கொட்டினேன். என் உடம்புதான் நாறுகிறதோ என்று குளித்தேன். தூங்கும் குழந்தையின் விரல்களை முகர்ந்து பார்ப்பது வழக்கமாகிவிட்டது.

"உன் மூக்கு மட்டும் எப்பவும் ஓவர்டைம் பாக்குது" என்றார் கணவர். ஒருவேளை அப்படித்தானோ என்று நானும் நினைத்தேன். குழந்தை பிறந்ததிலிருந்து நான் எதற்குத்தான் பயப்படவில்லை? அதனால் தினமும் அவளைப் புல்லில் விட்டேன். பெரிய வட்டமான பிளாஸ்டிக் குளியல் தொட்டியில் தண்ணீர் நிரப்பி, ஓரமாக வைத்து, அங்கேயே குளிப்பாட்டினேன்.

ஒரு நாள் அவள் எதையோ மென்றுகொண்டிருந்தாள். வாயில் விரல் விட்டு எடுத்தேன். ஷாம்பு பாக்கெட்டின் கிழிந்த மூலை. அதைச் சுற்றி முடி. எங்கள் வீட்டு முடி இல்லை. குட்டையான, கரடான முடி. குனிந்து புல்லின் வேரை விரித்துப் பார்த்தேன். முடிச் சுருள்கள், குட்கா கவர், கறுத்த பஞ்சு போல் ஏதோ ஒன்று. அதை நான் மறுபடி தொடவில்லை. குழாயடிக்கு ஓடி அவள் வாயைக் கழுவினேன். அவள் அழுதாள். எனக்கு அங்கேயே வாந்தி வந்தது.

ஞாயிறு அவர் வந்ததும் கேட்டேன். "அண்ணா, அந்த எரு எங்கேருந்து வந்தது?"

"நம்ம மச்சான் லாரிம்மா."

"மாட்டு எருவா?"

"மாடு ஏதும்மா இங்க? மாடு மேஞ்ச எடத்துலல்லாம் ப்ளாட்டு போட்டாச்சு." சிரித்தார். "பசங்க தங்கற ஹாஸ்டலு கீதுல்ல, அங்க டேங்கு ரொம்பிச்சின்னா மச்சான்தான் உறிஞ்சி எடுப்பான். ஒரு நடை இங்க வுட்டோம். எப்டி வந்துகீது பாரு!"

எனக்கு உடனே புரியவில்லை. புரிந்ததும் மகளை இடுப்பில் இன்னும் மேலே ஏற்றிக்கொண்டேன். "கக்கூஸ் டேங்க்கா?"

"இன்னாம்மா இப்டி கேக்கற? கம்பெனி மாரியே வேணும்னு நீதான சொன்ன. கம்பெனி புல்லுக்கு இன்னா ஊத்தறாங்க, பன்னீரா? அதுவும் கக்கூஸ் தண்ணிதான். அது மேல நின்னுகினுதான் பெரிய ஆபீசருங்கல்லாம் போட்டோ புடிக்கறாங்க."

என் கணவர் உள்ளேயிருந்து வந்தார். "யோவ், அது சுத்தம் பண்ண தண்ணிய்யா. பிளான்ட்ல போட்டு, வடிகட்டி, மருந்து கலந்து..."

"பிளான்ட்ல போட்டா மட்டும் அது வேற எங்கேர்ந்து வந்துதாம் சார்?"

அவர் கிண்டல் செய்யவில்லை. உண்மையிலேயே கேட்டார். நல்லதைச் செய்துவிட்டுத் திட்டு வாங்குகிறவரின் முகம் அது.

அன்றே ஸ்ரீபெரும்புதூரில் குழந்தை மருத்துவரிடம் ஓடினோம். பூச்சி மருந்து கொடுத்தார். பேதியோ காய்ச்சலோ வந்தால் உடனே தூக்கி வரச் சொன்னார். எதுவும் வரவில்லை. ஆனாலும் அவள் ஒவ்வொரு முறை தும்மும்போதும் நெற்றியைத் தொட்டுப் பார்த்தேன்.

புல்லை எடுக்க வேறு ஆட்களைக் கூப்பிட்டேன். விஷயத்தைச் சொன்னதும் போனை வைத்தார்கள். கடைசியில் புல் போட்டவரையே கூப்பிட வேண்டியிருந்தது. "ஊரே பாத்து ஆசப்படுது, நீ வாணான்ற" என்று புலம்பிக்கொண்டே மண்ணோடு சதுரங்களாக வெட்டிக் குட்டி யானை வண்டியில் ஏற்றினார். எங்கே கொண்டுபோகிறீர்கள் என்று ஜன்னலுக்கு உள்ளிருந்து கேட்டேன். "கொட்டிடறேம்மா" என்றார். தரையில் சுண்ணாம்பு தூவிக் கதவைச் சாத்தினேன்.

சில நாட்கள் கழித்து மகளைத் தள்ளுவண்டியில் வைத்துப் பின்தெருவுக்கு நடந்தேன். ஒரு புது வீட்டு வாசலில் வாழைமரம் கட்டியிருந்தது. கிரகப்பிரவேசம். பட்டுப்புடவையில் நின்ற பெண், தெரியாதவள் என்று பார்க்காமல், "வாங்க, சாப்பிட்டுப் போங்க" என்று குங்குமத் தட்டை நீட்டினாள்.

அவளுக்குப் பின்னால் புல்தரை. சதுரங்களின் கோடுகள் இன்னும் சேரவில்லை. ஒரு மூலையில் வட்டமாக ஒரு மஞ்சள் தடம். எங்கள் குளியல் தொட்டியின் அளவு. அந்த வாடை எனக்கு வாசலிலேயே வந்துவிட்டது. வட்டத்துக்கு அருகில், பட்டுப்பாவாடையில், என் மகள் வயதில் ஒரு குழந்தை உட்கார்ந்து புல்லைப் பிடுங்கிக்கொண்டிருந்தது.

"அழகா இருக்குல்ல? கம்பெனியில போடுற புல்லாம்" என்றாள் அந்தப் பெண்.

நல்ல நாள். மேளம் வாசித்துக்கொண்டிருந்தார்கள். யாரோ ஒருத்தி வந்து வாசலில் நின்று மலத்தைப் பற்றிப் பேசுவதா? பொறாமை என்பார்களோ? நாளைக்கு வந்து சொல்லலாமா? குங்குமத்தை எடுத்து நெற்றியில் வைத்துக்கொண்டேன். குழந்தை பிடியளவு புல்லை வாய்க்குக் கொண்டுபோனது.

"குழந்தையத் தூக்குங்க அக்கா" என்றேன். "தூக்குங்க. அந்தப் புல் எங்க வீட்டுல இருந்தது. அதுல செப்டிக் டேங்க் லாரிக் கழிவ ஊத்தியிருக்காங்க."

அவள் சிரிப்பு அப்படியே நின்றது. என்னை மேலும் கீழும் பார்த்தாள். பிறகு தட்டைப் படியில் வைத்துவிட்டுப் போய்க் குழந்தையைத் தூக்கினாள். அதன் மூடிய விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்து, தன் மூக்கருகே கொண்டுபோனாள்.