வெள்ளைக்காரர்கள் வந்தால் அம்மா கிடையாது

மன்னித்துவிடு என்று இன்றைக்கும் யாராவது எனக்குப் புத்தி சொல்வதுண்டு. முடியாது. நான் வளர்ந்த விடுதியின் சாப்பாட்டுக் கூடத்தில் அந்த வார்த்தையைச் சுவரில் பெரிதாக எழுதி வைத்திருந்தார்கள். எங்களை மன்னிக்கச் சொன்னார்களே தவிர, எங்களிடம் யாரும் மன்னிப்புக் கேட்டதில்லை.

அடையாறில், ஆற்றுக்கு இறங்கும் வழியில் இருந்தது அந்த அனாதைப் பெண்பிள்ளைகள் விடுதி. பெயர்தான் அனாதை விடுதி. எங்களில் பாதிப் பேருக்கு அம்மா இருந்தாள். என் அப்பா சாரத்திலிருந்து விழுந்து செத்துப்போனார். அம்மா சித்தாள் வேலைக்குப் போனாள். ஆற்றோரக் குடிசையில் என்னைத் தனியாக விட்டுப் போகப் பயந்து, இங்கே கொண்டுவந்து சேர்த்தாள். சோறு உண்டு, படிப்பு உண்டு. ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் அம்மாக்கள் வந்து பார்க்கலாம். என் அம்மா வந்ததும் என்னை முன்னால் உட்காரவைத்துப் பேன் பார்ப்பாள். பார்த்து முடித்த பிறகும் விடமாட்டாள்.

இது எழுபதுகளின் தொடக்கத்தில். ஒவ்வொரு வருஷமும் மழை விட்டதும் வெள்ளைக்காரர்கள் வருவார்கள். ஏதோ ஒரு வெளிநாட்டுச் சபையின் வாலிபப் பையன்கள், பெண்கள். ஊழியம் செய்ய வருகிறார்கள் என்று சொல்வார்கள். பாட்டுச் சொல்லிக்கொடுப்பார்கள். பல் தேய்க்கச் சொல்லிக்கொடுப்பார்கள். எங்களுக்குப் பல் தேய்க்கத் தெரியாது என்று யார் சொன்னார்களோ தெரியாது. ஆனால் நாங்கள் எல்லோரும் தாய் தகப்பன் இல்லாதவர்கள் என்று விடுதிக்காரர்கள்தான் சொல்லியிருந்தார்கள். அதனால் அவர்கள் ஊர் திரும்பும்வரை ஞாயிற்றுக்கிழமை கிடையாது. அம்மாக்கள் தெருமுனைக்குக்கூட வரக் கூடாது.

எனக்கு ஒன்பது வயதிருக்கும்போது ஜெப மண்டபம் கட்ட வந்தார்கள். தங்கள் கையாலேயே கட்டப்போகிறார்கள் என்றார் வார்டனம்மா. வெயில் ஏறும்வரை கட்டினார்கள்தான். மிச்ச வேலைக்கு மேஸ்திரி ஆள் கூட்டிவந்தார். அந்த ஆட்களோடு, தலையில் சும்மாடும் கையில் கலவைச் சட்டியுமாக என் அம்மா உள்ளே வந்தாள். மேஸ்திரியிடம் கெஞ்சி அந்த வேலையை வாங்கியிருக்கிறாள். ஞாயிறு போனால் போகட்டும், தினமும் பார்க்கலாமே என்று.

வார்டனம்மா கண்டுபிடித்துவிட்டார். அவர் திருநெல்வேலிப் பக்கத்துக்காரர். எங்கள் இருவரையும் சமையல்கட்டுக்குப் பின்னால் நிறுத்தினார்.

"ஏ புள்ள, இந்தா நிக்கது யாரு?"

"எங்கம்மா."

"இல்ல. கூலிக்கு வந்த பொம்பள. அம்மான்னு ஒரு சத்தம் என் காதுல விழுந்துச்சுன்னா, பெட்டியத் தூக்கி ரோட்டுல வச்சிருவேன் பாத்துக்க."

அம்மா அவசரமாகத் தலையாட்டினாள். "அது வாயத் தொறக்காதும்மா. நல்லாப் பட்ச்சிக்கினு கீது. வெளிய அனுப்பிடாதீங்க."

அந்தக் கூட்டத்தில் ஒருத்தி என்னைப் பிடித்துக்கொண்டாள். இருபது வயதுகூட இருக்காது. முகமெல்லாம் தவிட்டுநிறப் புள்ளி. ஒன்பது வயதுப் பெண்ணான என்னைக் கைக்குழந்தை மாதிரி இடுப்பில் தூக்கிக்கொண்டு திரிவாள். தன் நெஞ்சைத் தொட்டுக் காட்டி "மம்மி" என்பாள். நானும் அப்படிச் சொல்லும்வரை சாக்லேட்டைத் தரமாட்டாள். சொன்னேன். சாக்லேட் வேண்டியிருந்தது. அம்மா சட்டியோடு எங்களைத் தாண்டிப் போவாள், திரும்பிப் பார்க்கமாட்டாள்.

ஒருநாள் அந்தப் புள்ளிமுகக்காரிக்குப் படம் எடுத்துக்கொள்ள ஆசை வந்தது. அம்மாவைச் சைகை காட்டி நிறுத்தினாள். சட்டியிலிருந்த கலவையைக் கொட்டச் சொல்லி, சட்டியையும் சும்மாட்டையும் வாங்கித் தன் தலையில் வைத்துக்கொண்டாள். ஒரு கையால் சட்டியைப் பிடித்தாள், மறு கையால் என்னைப் பிடித்தாள். படம் எடுத்தவன் அம்மாவைத் தள்ளிப் போகச் சொல்லிக் கையை வீசினான். அம்மா தள்ளி நின்றாள். மறுபடி வீசினான். சுண்ணாம்புத் தொட்டிக்கு அந்தப் பக்கம் போய் வெறுந்தலையோடு நின்றாள். அந்தப் படம் எந்த ஊரில் எந்த வீட்டுச் சுவரில் தொங்குகிறதோ, அந்தச் சுவர் இடிந்து விழட்டும்.

அந்தப் பெண் நல்லவள்தான், விவரம் தெரியாமல் செய்தாள் என்பார்கள். ஒரு வார்த்தை கேட்டிருந்தால் விவரம் தெரிந்திருக்கும். கேட்கவில்லை.

அவர்கள் கிளம்புமுன் ஒரு நன்றிக் கூட்டம் நடந்தது. மண்டபத்தில் கூரைவேலை பாக்கி இருந்ததால் வெளியில் நாற்காலி போட்டிருந்தார்கள். நான் மைக்கில் தமிழில் பேச வேண்டும், பாஸ்டர் ஐயா அதை ஆங்கிலத்தில் சொல்வார். 'எனக்கு அப்பா இல்லை, அம்மா இல்லை, ஏசப்பா உங்களை அனுப்பினார்.' அவ்வளவுதான் பாடம். மைக்கைப் பிடித்தேன். நாற்காலிகளுக்குப் பின்னால் அம்மா மணல் சலித்துக்கொண்டிருந்தாள். என்ன வந்ததோ தெரியாது, விரலை நீட்டிவிட்டேன்.

"எனுக்கு அம்மா கீது. அதோ, அங்க கீதே, அதான் எங்கம்மா."

பாஸ்டர் தொண்டையைச் செருமிக்கொண்டு ஏதோ சொன்னார். உடனே வெள்ளைக்காரர்கள் எல்லோரும் கைதட்டினார்கள். புள்ளிமுகக்காரி அழுதுகொண்டே ஓடிவந்து என்னைக் கட்டிக்கொண்டாள். என் விரலுக்கும் அம்மாவுக்கும் நடுவில் அவள் உட்கார்ந்திருந்தாள். "இந்த வெள்ளைக்கார அக்காதான் இனிமேல் எனக்கு அம்மா" என்று நான் சொன்னதாகப் பாஸ்டர் சொல்லியிருக்கிறார். ஆங்கிலம் தெரிந்த பெரிய வகுப்பு அக்கா ஒருத்தி பிறகு எனக்கு அதைச் சொன்னாள். அம்மா முந்தானையை முகத்தில் இழுத்துக்கொண்டு சலித்துக்கொண்டே இருந்தாள். அவளால் வேறென்ன செய்ய முடியும்?

விருந்தாளிகள் போனதும் அடி விழுந்தது. அடி பரவாயில்லை. என்னை வெளியே அனுப்பவும் அவர்களால் முடியவில்லை, ஏனென்றால் புள்ளிமுகக்காரி திரும்பி வருவதாகச் சொல்லியிருந்தாள், வந்தால் அவளுக்குக் காட்ட நான் வேண்டும். அதனால் என்னை வைத்துக்கொண்டு அம்மாவை நிறுத்திவிட்டார்கள். மற்ற அம்மாக்கள் ஞாயிற்றுக்கிழமை வந்தார்கள், என் அம்மா வந்தால் மட்டும் வாட்ச்மேன் கேட்டைச் சாத்தினான். அவள் ஒரு வழி கண்டுபிடித்தாள். ஞாயிறு காலை எங்களை வரிசையாகச் சர்ச்சுக்கு நடத்திப் போகும்போது, ரோட்டுக்கு எதிர்ப்பக்கம் தன் பாட்டுக்குப் போகிறவள் மாதிரி கூடவே நடந்து வருவாள். சர்ச் வாசல்வரை வந்துவிட்டுத் திரும்பிப் போய்விடுவாள். ஒரு வார்த்தை கிடையாது.

நான் ஆங்கிலம் படிக்க ஆரம்பித்தேன். பெரிய வகுப்பு அக்காவின் துணியெல்லாம் துவைத்துக்கொடுத்துப் படித்தேன். வேலை கிடைக்கும், முன்னேறலாம் என்றெல்லாம் இல்லை. அந்தப் பாஸ்டரின் வாய் எனக்குத் தேவைப்படக் கூடாது, அவ்வளவுதான்.

"எதுக்குடி இப்படி வெறி புடிச்ச மாதிரி படிக்கிற? ராணியோட பேசப் போறியா?" என்பாள் அக்கா.

"கடிக்கப் போறேன்" என்பேன். சிரிப்பாள்.

இரண்டு வருஷம் கழித்து அதே கூட்டம் திரும்ப வந்தது. புள்ளிமுகக்காரி தன் அப்பா அம்மாவையும் கூட்டிவந்திருந்தாள், என்னைக் காட்ட. புது மண்டபத்தில் கூட்டம். எனக்குப் புதுப் பாவாடை, தலை நிறையக் கனகாம்பரம். வார்டனம்மா என் தோளைக் கிள்ளி மைக் பக்கம் தள்ளினார். பாஸ்டர் சிரித்த முகத்தோடு பக்கத்தில் வந்து நின்றார்.

ஆங்கிலத்தில் பேசினேன். என் அம்மா உயிரோடு இருக்கிறாள். இந்த மண்டபத்துக்குக் கல் சுமந்தாள். நீ படத்தில் தலையில் வைத்திருந்த சட்டி அவளுடையது. போன தடவையும் இதைத்தான் சொன்னேன், இவர் பொய் சொன்னார்.

பாஸ்டர் பழக்கதோஷத்தில் அதைத் தமிழில் சொல்ல வாயைத் திறந்துவிட்டு, அப்படியே நின்றார். பிள்ளைகள் கொல்லென்று சிரித்தார்கள். புள்ளிமுகக்காரி தன் அப்பாவைப் பார்த்தாள், வார்டனம்மாவைப் பார்த்தாள், ஒருவரும் உதவவில்லை. அவள் முகம் சுண்ணாம்பாகிப்போனது. என் வயிறு குளிர்ந்தது. இன்றைக்கும் அந்த முகத்தை நினைத்தால் குளிர்கிறது.

அப்புறம் நடந்ததை நான் எதிர்பார்க்கவில்லை. நான் சொன்னது பெரிய வகுப்பு அக்காக்கள் வழியாகக் காதுக்குக் காது தமிழில் பரவியிருக்கிறது போல, பின்வரிசையில் ஒரு பெண் எழுந்தாள். "எனுக்கும் அம்மா கீது." அடுத்து இன்னொருத்தி. "எங்கம்மா மயிலாப்பூர்ல பூ விக்கிது." பாஸ்டர் உட்காருங்கள் உட்காருங்கள் என்று கத்திக்கொண்டிருந்தார். மைக் என் கையில் இருந்தது. ஒவ்வொன்றாக ஆங்கிலத்தில் சொன்னேன். கடைசியில் ஒரு குட்டிப்பெண் எழுந்தாள். ரயில்வே ஸ்டேஷனில் கிடந்ததை எடுத்துவந்த பிள்ளை. அவளுக்கு நிஜமாகவே யாரும் கிடையாது, அது அவளுக்கும் தெரியும். "எனுக்கும்" என்றாள். ஒரு நொடி தயங்கினேன். பிறகு அதையும் சொன்னேன். அவளை மட்டும் அவர்களுக்கு விட்டுக்கொடுக்க எனக்கு மனம் வரவில்லை.

மறுநாள் காலை அம்மாவைக் கூப்பிட்டுவிட்டார்கள். வார்டனம்மா என் தகரப்பெட்டியைக் கேட்டுக்கு வெளியே வைத்தார். சொன்ன சொல்லைக் காப்பாற்றினார். அம்மா வந்ததும் என் கன்னத்தில் ஓங்கி ஒன்று வைத்தாள்.

"சோத்துக்கு இன்னாடி பண்ணுவ? படிப்புக்கு இன்னா பண்ணுவ? வாய மூடிக்கினு இருந்தா உனுக்கு இன்னா கொறஞ்சி பூடும்?"

"நீ ரோட்டுக்கு அந்தாண்டயே நடந்துக்கினு இருப்பியா?" என்றேன்.

அதற்குள் புள்ளிமுகக்காரி உள்ளேயிருந்து ஓடிவந்து, அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டு அழ ஆரம்பித்தாள்.

"இன்னாவாம் இதுக்கு?"

"தெரியாம செஞ்சிட்டாளாம். மன்னிக்கணுமாம்."

அம்மா தன் கையை மெதுவாக உருவிக்கொண்டாள். "எனுக்கு வேலைக்கு நேரமாச்சின்னு சொல்லு."

அதை அப்படியே சொன்னேன். ஒரு எழுத்துகூட மாற்றவில்லை. அவள் வாசலில் அழுதுகொண்டே நின்றாள். நாங்கள் நடந்தோம்.

அம்மா என்னை நேராக பெசன்ட் நகருக்குக் கூட்டிப்போனாள். அங்கே புதுசாக வீடுகள் எழும்பிக்கொண்டிருந்த காலம், எங்கே பார்த்தாலும் மணலும் செங்கல்லும். மேஸ்திரி பீடியை வாயிலிருந்து எடுத்துவிட்டு என்னை மேலும் கீழும் பார்த்தார்.

"இன்னாம்மா, பெட்டியோட வந்துக்கீற? யார் இது?"

அம்மா சும்மாட்டைச் சுருட்டிக்கொண்டே, சைட்டில் இருந்த அத்தனை பேர் காதிலும் விழுகிற மாதிரி சொன்னாள்.

"எம் பொண்ணு. திமிர் புடிச்ச நாயி. கல்லு தூக்கும், கூலி போடு."