பூட்டுப் போடாத மின்சாரம்

செய்தியைத் தொலைபேசியில் சொன்னவர் செல்வமணி. இரத்தோட்டைக்கு மேலேயுள்ள தேயிலைத் தோட்டமொன்றில் கொழுந்து பறிப்பவர். அங்குள்ள மின்சாரச் சங்கத்தின் செயலாளர். "மிஸ், நம்ம பரராஜசிங்கம் சேர் போயிட்டாருங்க," என்றார். உறக்கத்திலேயே உயிர் பிரிந்ததாம்.

பொறியியலாளர் பரராஜசிங்கத்தை அறிந்த உங்களுக்கு அவருடைய பிடிவாதமும் தெரிந்திருக்கும். அரசாங்க மின்கம்பி எட்டாத அந்தத் தோட்டத்துக்கு ஓடையிலிருந்தும் வெயிலிலிருந்தும் மின்சாரம் எடுக்கும் வேலையை நாங்கள் இருவரும் சேர்ந்து செய்தோம். மழைக்காலத்தில் ஓடையே போதும். வறண்ட மாதங்களில், சூரியத் தகடுகள் பகலில் நிரப்பும் பற்றரிகள்தான் இரவைத் தாங்கவேண்டும். அளவுக்கு மேல் இழுத்தால் அவை கெட்டுவிடும். வேறு வாங்கித்தர எவருமில்லை. ஆகவே வீட்டுக்கு வீடு, அளவு மீறினால் மின்சாரத்தைத் தானாக வெட்டும் கருவியைப் பொருத்துவோம் என்றேன். அவர் சம்மதிக்கவில்லை.

"ஆளாளுக்குப் பூட்டுப் போட்டுட்டு, இது உங்கட கரண்ட் எண்டு எப்பிடிப் பிள்ளை சொல்லுறது?"

ஓடை வற்றிய மாசியில் மாரியம்மன் திருவிழா வந்தது. முதல் நாளே கோயிலில் அலங்கார விளக்குகளும் ஒலிபெருக்கியும். வீடுகளிலும் எல்லா விளக்குகளும் எரிந்தன. கரகம் கோயிலுக்கு வந்து சேருமுன் தோட்டம் முழுவதும் இருண்டது. பற்றரிகள் மயிரிழையில் தப்பின.

மறுநாள் கூட்டத்தில் நான் மறுபடியும் என் கருவியைப் பற்றிப் பேசினேன். "மிஸ் அம்மனுக்கே மீட்டர் போடப் பாக்குறாங்க," என்றார் ஒருவர். எல்லோரும் சிரித்தார்கள். பரராஜசிங்கம் எவரையும் கடிந்துகொள்ளவில்லை. இருக்கும் மின்சாரம் கோயிலுக்குக் காணும், அல்லது வீடுகளுக்குக் காணும், இரண்டுக்கும் காணாது என்று சொல்லிவிட்டு உட்கார்ந்துகொண்டார். நெடுநேரம் வாதாடினார்கள். கடைசியில் செல்வமணி எழுந்தார்.

"திருவிழா முடியிறவரைக்கும் வீட்டுல குப்பிலாம்பு கொளுத்திக்குவோம். ஆனா எல்லாரும். கங்காணி வீடும்தான்."

எனக்கு நம்பிக்கையில்லை. பொழுது சாய்ந்ததும் பரராஜசிங்கத்தோடு மேட்டில் நின்று பார்த்தேன். கீழே வரிசை வீடுகளில், லயம் லயமாக விளக்குகள் அணைந்தன. கோயில் மட்டும் பளிச்சென்று தெரிந்தது. ஆனால் தள்ளியிருந்த ஒரு ஜன்னலில் இன்னும் வெளிச்சம். பார்த்தீர்களா என்று நான் வாயெடுக்கையில் கீழிருந்து செல்வமணியின் குரல் கேட்டது: "சேர், அது நீங்க தங்கியிருக்கிற ரூமுங்க. அம்மன் பாத்துக்கிட்டிருக்கா."

வேட்டியை ஒரு கையால் பிடித்துக்கொண்டு அவர் இறங்கி ஓடிய ஓட்டத்தைத் தோட்டத்தில் இன்றும் நடித்துக் காட்டுகிறார்கள்.

வேறு இடங்களில் அந்தக் கருவியைப் பொருத்தியிருக்கிறேன். சில இடங்களில் அது தேவையாகவும் இருந்தது. இந்தத் தோட்டத்தில் மட்டும் தேவைப்படவில்லை.

தொலைபேசியை வைக்குமுன் செல்வமணி சொன்னார், "சேருக்காக இன்னைக்கு எல்லா வீட்டுலயும் லைட் போட்டு வச்சிருக்கோம்." பழக்கதோஷத்தில், பற்றரி தாங்குமா என்று கேட்டுவிட்டேன்.

"ஓடையைப் பாத்துட்டுத்தான் மிஸ் போட்டோம். தண்ணி நல்லா வருது."

பரராஜசிங்கம் விட்டுச்சென்றவற்றில் நான் வைத்துக்கொள்வது இந்தப் பதிலைத்தான்.